மாடித் தொட்டி மோட்டாருக்கு எந்த போர்டு?

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், தண்ணீர் குறைந்ததும் தானாக ஓட வேண்டும், கீழே சம்ப் காலியாக இருந்தால் ஓடவே கூடாது. மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது நிரல் ஏற்றி ஓட்டும் சின்னச் சிப்பில், கைவைக்கும் பலரும் எல்இடியை மினுக்கிப் பார்த்த பிறகு உருப்படியாகச் செய்ய நினைக்கும் முதல் வேலை இதுதான். யோசனை வந்த கையோடு கேள்வியும் வந்துவிடும்: அந்தச் சிப் உள்ள எந்த போர்டை வாங்குவது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் ஆர்டுயினோ ஊனோவை எடுத்து நீட்டுவார்கள். யூடியூபில் தேடினால் இஎஸ்பி 32 இல்லாமல் ஒன்றும் ஆகாது என்பார்கள். இன்ஜினியரிங் படிக்கும் தம்பி யாராவது பக்கத்தில் இருந்தால் ராஸ்பெரி பை பைக்கோ என்று அடம்பிடிப்பான்.

மூன்றுமே நல்ல போர்டுகள்தான். ஒப்பிடும் விதம்தான் கோணல். ஊனோ 16 மெகாஹெர்ட்ஸ், பைக்கோ 133, இஎஸ்பி 32 என்றால் 240 என்று வரிசையாக எழுதி, பெரிய எண் எதுவோ அதை வாங்கிவிடுகிறோம். தொட்டி நிரம்பப் பல நிமிடங்கள் ஆகும். நொடிக்கு ஒரு முறை மட்டத்தைப் பார்த்தாலே தாராளம். 16 மெகாஹெர்ட்ஸே அங்கே பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆகவே வேகத்தை முதலிலேயே அடித்துவிடலாம். என் கணக்கில் போர்டைத் தீர்மானிப்பவை வேறு: கூடச் சேரும் சென்சாரும் ரிலேயும் (போர்டின் சிக்னலுக்கு இயங்கும் மின்சுவிட்ச்) எத்தனை வோல்ட்டில் வேலை செய்கின்றன, மாடியில் எடுத்த அளவு கீழே எப்படி வந்து சேரும், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது போர்டு என்ன செய்யும்.

அதற்கு முன் ஒன்று. போர்டே இல்லாமலும் இந்த வேலை நடக்கும். தொட்டியில் ஒன்று, சம்பில் ஒன்று என்று தண்ணீரில் மிதந்து ஆன், ஆஃப் ஆகும் இரண்டு ஃப்ளோட் சுவிட்சைத் தொங்கவிட்டு, அவற்றின் வழியாக மோட்டாரை இயக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் காயிலுக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். நல்ல எலெக்ட்ரீஷியன் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகத் தெரிய வேண்டும், மோட்டார் ஓடியும் மட்டம் ஏறவில்லை என்றால் நிறுத்த வேண்டும், போனில் பார்க்க வேண்டும் என்று ஏதாவது ஓர் ஆசை இருந்தால்தான் போர்டுக்கு இங்கே வேலை. இவ்வளவு தூரம் படிக்க வந்தவர்களுக்கு அந்த ஆசை இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஊனோவிலிருந்து தொடங்கலாம். ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. ஊனோ 2010-இல் வந்தது. ஊனோ ஆர்3 போர்டில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பில் நிரல் தங்கும் ஃப்ளாஷ் 32 கிலோபைட், நிரல் ஓடும்போது பயன்படும் ராம் 2 கிலோபைட். இன்றைய அளவுகோலில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இது 5 வோல்ட் போர்டு. அதுதான் இதன் பெரிய பலம். தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், நீல நிற ரிலே உள்ள மாட்யூல், பதினாறு எழுத்து இரண்டு வரி எல்சிடி என்று கடையில் மலிவாகக் கிடைக்கும் உதிரிகள் பலவும் 5 வோல்ட்டில் ஓடுபவை. ஊனோவில் அவற்றை ஜம்பர் வயரால் நேரே இணைக்கலாம், இடையில் எதுவும் தேவையில்லை. ஒரு பின் (வயரை இணைக்கும் முனை) 20 மில்லிஆம்பியர் வரை தரும் என்பதால் ரெசிஸ்டரோடு எல்இடியோ சின்ன பஸரோ தாராளமாக ஓடும். கை தவறி ஒரு வயரை மாற்றிச் செருகினாலும் மற்ற போர்டுகளைவிடக் கொஞ்சம் பொறுத்துப்போகும்.

இடிப்பது ராம். தண்ணீர் மட்டத்தை அழகாகக் காட்ட 128-க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரையைச் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் முழுத் திரைக்கும் 1024 பைட். மொத்தம் இருப்பதே 2048. திரையை இயக்கப் பரவலாகப் பயன்படுத்தும் லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு) இந்த இடத்தை நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டு வாங்குகிறது. ஆகவே கம்பைல் ஆகும்போது வரும் கணக்கில் அது தெரியாது. “மெமரி பாதிதான் செலவாகியிருக்கிறது” என்று ஐடிஇ (நிரல் எழுதி ஏற்றும் மென்பொருள்) நிம்மதியாகச் சொல்லும், கோடில் பிழையே இருக்காது, திரை மட்டும் இருட்டாகவே நிற்கும். வயரைக் கழற்றி மாட்டியே பொழுது போய்விடும். போர்டின் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டருக்கு அனுப்பும் வாசகங்களை ஃப்ளாஷிலேயே வைத்துக்கொண்டால் கொஞ்சம் இடம் மிஞ்சும். இந்த வேலைக்கு அந்த எல்சிடியே போதும் என்பது என் கருத்து. படி ஏறும்போதே எண் தெரியும்.

நானோவும் இதே சிப்தான், சால்டர் இல்லாமல் வயர் செருகும் பிரெட்போர்டில் நேரே அமரும் அளவில். மாதிரி செய்து பார்க்க ஊனோவைவிட நானோவே எனக்குப் பிடிக்கும், ஊனோவில் செருகிய வயர்கள் லேசாக இழுபட்டாலும் கழன்றுவிடுவதால். மலிவான நகல் நானோக்களில் யூஎஸ்பிக்கு சிஹெச் 340 சிப் இருக்கும். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதன் டிரைவரைப் போட வேண்டும். அதற்கும் முன்னால் கேபிளைப் பாருங்கள், சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. அப்லோடு ஆகாமல் முரண்டு பிடித்தால் ஐடிஇயில் ‘பழைய பூட்லோடர்’ (நம் நிரலை ஏற்றிக்கொள்ளச் சிப்பில் இருக்கும் சின்ன நிரல்) என்ற தேர்வை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் போர்டைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் வசதி இந்தச் சிப்பில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஆள் பார்க்காமல் ஓட வேண்டிய கருவிக்கு அது அவசியம். ஆனால் பழைய பூட்லோடர் உள்ள நானோவில் வாட்ச்டாக் ஒரு முறை ரீசெட் செய்தால், பூட்லோடர் அதை அணைக்காமல் விடுவதால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். கரண்டைப் பிடுங்கி மாட்டினால்தான் மீளும். ஊனோவில் உள்ள புதிய பூட்லோடரை அந்த நானோவில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது கரண்ட் போய் வரும் நேரத்துக்கு வருவோம். போர்டுகளின் குணம் வெளிப்படுவது இங்கேதான், ஆனால் எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்காது. கடையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பலவும் பின் கீழிறங்கினால் ஆன் ஆகும் வகை. கரண்ட் வந்ததும் ஊனோவின் எல்லாப் பின்களும் இன்புட் நிலையில், யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்கும், ரிலே அசையாது. அப்புறம் நம் நிரல் தொடங்கும். வழக்கமான பாடங்களில் இருப்பதுபோல் முதலில் பின்னை அவுட்புட் என்று அறிவித்து, அடுத்த வரியில் அதை ‘ஹை’ (மேல் வோல்டேஜ்) ஆக்கினால், இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு கணம் பின் கீழே இருக்கும். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் அந்த இரண்டு வரிக்கு நடுவே ஒரு டிலேயோ, திரையைத் தயார்செய்யும் வரியோ இருந்துவிட்டால் ரிலே ‘டக்’ என்று ஒட்டும்; கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு உதறு உதறும். வரிசையை மாற்றி, முதலில் ‘ஹை’ எழுதிவிட்டுப் பிறகு அவுட்புட் என்று அறிவித்தால் சத்தமே வராது. ஊனோவிலும் நானோவிலும் இதோடு தீர்ந்துவிடும்.

இஎஸ்பி 8266-இல் தீராது. 2014-இல் சந்தைக்கு வந்த இந்தச் சிப்தான் மலிவு விலையில் வைஃபையைக் கொண்டுவந்தது. நோட்எம்சியு என்ற போர்டாகப் பரவலாகக் கிடைக்கிறது. கரண்ட் வந்ததும் இதன் பின்கள் பலவும் நம் நிரல் தொடங்குவதற்கு முன்பே தாமாக ஏறி இறங்கும். டி3, டி4, டி8 மூன்றும் சிப் எந்த முறையில் எழும்ப வேண்டும் என்பதையே தீர்மானிப்பவை. அங்கே ரிலேயையோ ஃப்ளோட் சுவிட்சையோ மாட்டினால், நேரம் சரியில்லாதபோது போர்டு எழும்பாமலே நின்றுவிடும். பூட் நேரத்தில் அமைதியாக இருப்பவை டி1, டி2 இரண்டும்தான். வேடிக்கை என்னவென்றால் திரையை இணைக்க எல்லா எடுத்துக்காட்டுகளிலும் சொல்வதும் அதே டி1, டி2. ரிலேக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, திரையை டி5, டி6-க்கு மாற்றி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

இஎஸ்பி 32 அதன் அண்ணன், 2016-இல் வந்தது. இரண்டு கோர், 520 கிலோபைட் ராம், வைஃபையோடு புளூடூத். திரை, வலைப்பக்கம், கணக்கு எல்லாம் ஒன்றாக ஓடினாலும் மூச்சு வாங்காது. பின்களும் நிறைய. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஜிபிஐஓ என்று எண்ணிட்ட பின்களில் 6 முதல் 11 வரை உள்ளே ஃப்ளாஷ் நினைவகத்தோடு இணைந்தவை, தொடக்கூடாது. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும். சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை ‘ஹை’யில் பிடித்து வைக்கும் உள் புல்அப் ரெசிஸ்டரும் அவற்றில் கிடையாது. ஃப்ளோட் சுவிட்சை 34-இல் மாட்டி, நிரலில் புல்அப் என்று எழுதினால் பிழை எதுவும் வராது. தொட்டி மட்டும் ஒரு நொடி நிரம்பியும் மறுநொடி காலியாகவும் தெரியும். வெளியே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் சரியாகிவிடும். அனலாக் பின்களில் ஒரு பகுதி வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. பழைய பாடங்களில் உள்ள கோடு சில சமயம் கம்பைலே ஆகாது. 2024-இல் வந்த ஆர்டுயினோ கோர் 3.0 சில கட்டளைகளின் பெயரையே மாற்றிவிட்டது. பரவலாகக் கிடைக்கும் முப்பது பின் போர்டு பிரெட்போர்டை அடைத்துக்கொண்டு உட்காரும், ஒரு பக்கம் மட்டும் ஒரு வரிசைத் துளை மிஞ்சும். இரண்டு பிரெட்போர்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நடுவில் பாலமாக வைப்பதுதான் வழி.

இரண்டு இஎஸ்பிகளும் 3.3 வோல்ட். இங்கே ஊனோவின் சுகம் போய்விடுகிறது. அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்பும். அதை 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களால் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துத்தான் பின்னுக்குத் தர வேண்டும். ரிலே பக்கம் இதைவிடக் குழப்பம். மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, அணைப்பதற்கு 3.3 வோல்ட் ‘ஹை’ அனுப்பினால் நடுவே 1.7 வோல்ட் மிஞ்சி நிற்கும். சில மாட்யூல்களில் ரிலே விடவே விடாது. ஜேடி-விசிசி என்று எழுதிய ஜம்பர் உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்கி, அந்த ஜம்பரைக் கழற்றி, ரிலே காயிலுக்கு 5 வோல்ட்டும் சிக்னல் பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்தால் சுத்தமாக வேலை செய்யும். பவர் பற்றியும் சொல்ல வேண்டும். வைஃபை அனுப்பும் கணத்தில் சிப் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். அதே கணத்தில் ரிலேயும் ஒட்டினால், மெல்லிய கேபிளில் வோல்டேஜ் சரிந்து இஎஸ்பி 32 ரீசெட் ஆகிவிடும். சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (வோல்டேஜ் சரிவு) என்ற சொல் தெரிந்தால் நிரலை நோண்டாமல் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள்.

இவ்வளவு தொல்லையையும் ஒரே காரணத்துக்காக ஏற்றுக்கொள்ளலாம்: மாடியிலிருந்து கீழே வயர் இழுக்க முடியாத வீடு. ஃப்ளோட் சுவிட்ச் வயரை எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் இழுக்கலாம். அல்ட்ராசோனிக் சென்சாரின் சிக்னலை மூன்று மாடி இறக்கினால் அளவு தாறுமாறாக வரும். மாடியில் ஓர் இஎஸ்பி அளந்து அனுப்ப, கீழே இன்னொன்று அதைப் பெற்று மோட்டாரை இயக்கினால் வயரே வேண்டாம். வீட்டு ரவுட்டரும் தேவையில்லை. இஎஸ்பி-நவ் என்ற முறையில் இரண்டு போர்டுகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஒரு செய்தியில் 250 பைட் வரை போகும், நமக்கு வேண்டியது ஓர் எண். கான்கிரீட் தளங்கள் சிக்னலைத் தின்னும் என்பதால் போர்டை இரும்புப் பெட்டிக்குள் வைக்காமல், படிக்கட்டுப் பக்கமாக வைத்துப் பாருங்கள். கீழே உள்ள போர்டில் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: ஒரு நிமிடமாக மேலேயிருந்து செய்தி வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கடைசியாக வந்த எண்ணை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும்.

பைக்கோ 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. 264 கிலோபைட் ராம், இரண்டு கோர். வைஃபை உள்ள பைக்கோ டபிள்யூ 2022-இலும் பைக்கோ 2 2024-இலும் வந்தன. நிரல் ஏற்றுவதில் இதைவிட எளிது வேறில்லை: பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும், கோப்பை அதில் போட்டால் முடிந்தது. பைத்தான் மொழியின் சிறிய வடிவமான மைக்ரோபைத்தானில் எழுதினால் ஒவ்வொரு வரியையும் உடனே ஓட்டிப் பார்க்கலாம்; பள்ளி, கல்லூரி மாணவர்கள் கற்க இதையே நான் கைகாட்டுவேன். வோல்டேஜில் இதுவும் 3.3-தான், ஆகவே மேலே சொன்ன ரெசிஸ்டர் வேலை எல்லாம் இதற்கும் உண்டு. எரிச்சலூட்டுவது என்னவென்றால் பின் பெயர்கள் போர்டின் அடிப்பக்கம் அச்சாகியிருக்கின்றன. பிரெட்போர்டில் அமர்த்திவிட்டால் தெரியாது, பக்கத்தில் படம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டி வேலைக்கு இதில் குறையும் இல்லை, தனி லாபமும் இல்லை. நிறம் மாறும் எல்இடி பட்டை போன்று நேரம் நூல் பிடித்தாற்போல் அமைய வேண்டிய சிக்னல்களுக்கு இதில் தனியே சின்ன சின்ன இயந்திரங்கள் இருக்கின்றன. அங்கேதான் பைக்கோ மற்றவற்றை விஞ்சும்.

புளூ பில் என்று ஒரு போர்டு உண்டு, எஸ்டிஎம் 32 சிப்போடு. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். சிப் போலியாக இருக்கலாம், நிரல் ஏற்றத் தனிக் கருவி ஒன்றும் வாங்க வேண்டும். அந்தச் சிப் குடும்பம்தான் கற்க வேண்டும் என்றால் நியூக்ளியோ போர்டு வாங்குங்கள், கருவி அதிலேயே இருக்கிறது. 2023-இல் வந்த ஊனோ ஆர்4 5 வோல்ட்டோடு 32 கிலோபைட் ராமும் தருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் ஒன்றுக்கு 8 மில்லிஆம்பியர்தான், பழைய ஊனோவின் சிப்பை நேரடியாகத் தொடும் லைப்ரரிகளும் இதில் ஓடாது. விலையும் நானோ நகலைவிட வெகு அதிகம்.

தொட்டிக்குப் பதிலாகத் தோட்டத்தில் பேட்டரியில் ஓடும் மண் ஈரக் கருவி என்றால் கணக்கே மாறிவிடும். இஎஸ்பி 32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும் என்று படித்துவிட்டு வருடக்கணக்கில் ஓடும் என்று நினைப்போம். சிப் தூங்கும், போர்டு தூங்காது. மலிவு போர்டில் வோல்டேஜைக் குறைத்துத் தரும் 1117 வகை ரெகுலேட்டர் மட்டும் சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும், கூடவே அணையாத சிவப்பு எல்இடியும் யூஎஸ்பி சிப்பும். எல்லாம் சேர்ந்து 10 மில்லிஆம்பியர் என்றால் 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி எட்டு நாளில் காலி. அந்த வேலைக்கு பேட்டரி இணைப்போடு வரும் போர்டைத் தேடுங்கள், இல்லையென்றால் மாதிரியை போர்டில் முடித்துவிட்டு, கடைசி வடிவத்தில் சிப் மாட்யூலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து ஒரு போர்டையாவது அளந்து பார்த்தால் விற்பவர் சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள தூரம் தெரியும்.

எந்த போர்டானாலும் மாறாத பகுதி ஒன்று இருக்கிறது. நீல ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது அதற்குள்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. நாளடைவில் ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது நிரல் ‘நிறுத்திவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். அந்தக் காயில் விடும்போது கிளம்பும் தீப்பொறி போர்டை ரீசெட் செய்யும், திரையில் கிறுக்கலை வரவழைக்கும். காயிலின் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போட்டால் அடங்கும். 230 வோல்ட் பிரெட்போர்டின் பக்கமே வரக்கூடாது. மாதிரி ஓடும்வரை தொட்டிக்குப் பதில் பக்கெட், மோட்டாருக்குப் பதில் 12 வோல்ட் பல்ப்.

சென்சார் எடுக்கும்போதும் கவனம். கண் திறந்த ஹெச்சி-எஸ்ஆர்04 பக்கெட்டில் பிரமாதமாக வேலை செய்யும். மூடிய தொட்டியின் ஈரத்தில் நெடுநாள் தாங்காது. நிரந்தரமாக வைக்க ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா வகை வேண்டும். அது சுமார் 20 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பதை அளக்காது, எனவே நிரம்பிய மட்டத்துக்கு மேல் அந்த அளவு இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். மூடியில் அந்த உயரம் இல்லாத தொட்டியென்றால் மறுபடி ஃப்ளோட் சுவிட்ச்தான்.

என்னைக் கேட்டால், வயர் இழுக்க வழியுள்ள வீட்டுக்கு நானோவும் இரண்டு ஃப்ளோட் சுவிட்சும் எல்சிடியும். மாதிரி சரியாக ஓடியதும் அப்படியே டாட் போர்டில் சால்டர் செய்து பெட்டியில் அடைத்துவிடலாம். வயர் இழுக்க முடியாவிட்டால், அல்லது போனில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு இஎஸ்பி 32. மேலே ஒன்றுக்கு நோட்எம்சியுவும் போதும், அங்கே ரிலே இல்லை என்பதால் அதன் பூட் குணம் உறுத்தாது. சம்பும் தொட்டியும் சாக்கு, கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் பைக்கோ டபிள்யூ. இன்னும் தயக்கம் இருந்தால் வோக்வி என்ற சிமுலேட்டரில் ஊனோ, இஎஸ்பி 32, பைக்கோ மூன்றுமே பிரவுசரிலேயே ஓடுகின்றன. நிரலை அங்கே எழுதி, பின் எண்களை முடிவுசெய்துகொண்டு கடைக்குப் போகலாம். எதை எடுத்தாலும் அதே போர்டில் இன்னொன்றும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று வேலை செய்யாதபோது அதைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினால், கோளாறு போர்டிலா வயரிலா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.